மூட்டுவாதமும் அவசர சிகிச்சையும்

உடல் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு வாழும் குடும்பங்கள் நம் கிராமங்களில் மிகப் பல. நாற்று நடும் கையும், களை பறிக்கும் கையும், பால் கறக்கும் கையுமே அக்குடும்பங்களின் சொத்து. அக்கையின் விரல் மூட்டுக்கள் வீங்கி மடக்க இயலாமற் போனால், ஒருவருடைய உடல்நலம் மட்டுமன்று, ஒரு வீட்டின் வருவாயே முடங்கிப்போகிறது. எனினும் மூட்டுவலி என்றால் அது வயதின் விளைவென்றோ, வேலையின் களைப்பென்றோ எண்ணி அமைந்துவிடுவது நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. மூட்டுவாதம் உயிரைப் போக்கும் வியாதி அன்று என்ற எண்ணமும் பரவலாக உள்ளது.

இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. மூட்டுவாதம் உடையவர்களுக்குச் சிற்சில வேளைகளில், நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும் நெருக்கடிகள் நேர்வதுண்டு. அவ்வேளைகளில் “இது பழைய வாதந்தானே, விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பதால் காலை இழந்தவரும் உயிரை இழந்தவரும் உண்டு. மறுபுறம், அவசர சிகிச்சைப் பிரிவால் தீர்க்க முடியாத வலிக்காக மாதந்தோறும் அங்கே ஓடி, ஒரு நாட் கூலியையும் வண்டிச் செலவையும் இழந்து, ஓர் ஊசியோடு திரும்புவோரும் உண்டு. எப்போது விரைய வேண்டும், எப்போது விரைவதில் பயனில்லை என்ற வேறுபாட்டை விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் தெரிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இந்நோய் யாது?

மூட்டுவலிகளை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். முதலாவது தேய்மானம். ஆண்டுக்கணக்காகப் பாரம் தாங்கிய முழங்கால், எலும்பு முனையின் வழவழப்பான குருத்தெலும்பு தேய்வதால் வலிக்கிறது. உழைத்தால் வலி மிகும், ஓய்ந்தால் குறையும். முதியோரில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

இரண்டாவது பிரிவு அழற்சி மூட்டுவாதம். சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் நாம் வழங்கும் நோய் இப்பிரிவில் முதன்மையானது. முதுகெலும்பை விறைக்கச் செய்யும் வாதம், சோரியாசிஸ் என்னும் தோல் நோயோடு வரும் வாதம், யூரிக் அமிலப் படிகங்களால் வரும் வாதம் முதலியனவும் இதைச் சேர்ந்தவை. இவற்றுள் சரவாங்கியில், நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்காக உடலில் அமைந்துள்ள காவற்படை வழி தவறி, மூட்டின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வையே பகையெனக் கருதித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்வதற்கு ஒப்பானது இது. சவ்வு தடித்து, நீர் சுரந்து, மூட்டு வீங்குகிறது. கவனிக்காவிட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடுகின்றன.

இதன் அடையாளங்கள் எளியவை. காலையில் எழுந்ததும் விரல்கள் அரை மணி, ஒரு மணி, சிலருக்கு அதற்கும் மேலாக விறைத்திருக்கும். அசைக்க அசைக்கத் தளரும். இரு கைகளிலும் ஒருங்கே விரல் மூட்டுக்களும் மணிக்கட்டுக்களும் வீங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வரும். முதுமையில் மட்டுமன்றி, முப்பது நாற்பது வயதிலேயே, அதாவது குடும்பத்தின் உழைப்பு முழுவதும் அவர்கள் தோளில் இருக்கும் காலத்திலேயே வரும். வயது வந்தோர் ஆயிரவரில் ஐவருக்கு இந்நோய் உண்டு எனக் குறைத்துக் கணக்கிட்டாலும், வயது வந்தோர் நாலாயிரவர் வாழும் ஒரு பஞ்சாயத்தில் இருபது பேர் இருப்பர். அந்த இருபது பேர் யார் யார் என்பது நமக்குத் தெரியுமா?

கசிவும் உடைப்பும்

ஏரிக்கரையைக் காத்துப் பழகிய நமக்குக் கசிவு வேறு, உடைப்பு வேறு என்பது தெரியும். கசிவு கண்டால் காலந்தாழ்த்தாமல் மண்ணிட்டு மெத்த வேண்டும். ஆனால் அதற்காக நள்ளிரவில் ஊரைத் திரட்ட வேண்டியதில்லை. உடைப்பு என்றால் அந்த நொடியே ஊர் திரள வேண்டும். மூட்டுவாதத்திலும் இவ்விரண்டும் உண்டு.

நோய் கிளர்ந்தெழுவது கசிவைப் போன்றது. சில நாட்களில் சிறிது சிறிதாகப் பல மூட்டுக்களில், முன்னமே பழகிய இடங்களில், வீக்கமும் விறைப்பும் மிகும். உடல் சோரும். மருந்தை இடையில் நிறுத்தியதாலோ, மருந்தின் அளவு போதாமையாலோ இது நேரிடலாம். இதற்கு வேண்டியது அவசரப் பிரிவன்று; வழக்கமாக மருந்து எழுதித் தரும் மருத்துவரை அடுத்த சில நாட்களுக்குள் காண்பதேயாகும். அவசரப் பிரிவில் பெரும்பாலும் வலியைத் தணிக்கும் ஊசி கிடைக்கும், வலியும் குறையும். ஆனால் மூட்டை அரிக்கும் நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நோயை அடக்கும் மருந்தை இரத்தப் பரிசோதனைகளோடு சீர்செய்து, மாதக்கணக்கில் தொடர்ந்து கவனிப்பது அப்பிரிவின் வேலையன்று. ஆகவே, ஒருவர் மீண்டும் மீண்டும் வலிக்காக அவசரப் பிரிவுக்குச் செல்கிறார் என்றால், அவருக்கு முறையான சிகிச்சை எங்கேயோ அறுந்துவிட்டது என்பதே பொருள். அறுந்த இடத்தைக் கண்டு முடிய வேண்டும்.

இனி, உடைப்புக்கு ஒப்பான நிலைகள் யாவை என்று பார்ப்போம்.

ஒற்றை மூட்டுக் காய்தல்

இவற்றுள் முதலிடம் பெறுவது மூட்டினுள் கிருமி புகுந்து சீழ்ப்பிடித்தல். பல மூட்டுக்கள் மெல்ல நோவது வழக்கமான வாதம். அதற்கு மாறாக, ஒரே ஒரு மூட்டு, பெரும்பாலும் முழங்கால், ஓரிரு நாட்களிலோ சில மணி நேரத்திலோ வீங்கிச் சிவந்து, தொட்டால் அனல்போலச் சுட்டு, சிறிது அசைத்தாலும் பொறுக்க முடியாமல் வலித்தால், அதைப் பழைய வாதமென்று கொள்ளலாகாது. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் கூடியிருந்தால் ஐயம் உறுதிப்படும். ஆனால் காய்ச்சல் இல்லாமையைக் கொண்டு ஆறுதல் அடைவதும் தவறு. ஸ்டீராய்டு மருந்து உண்பவர்களுக்குக் காய்ச்சல் அடங்கியே இருக்கக் கூடும். சில வேளை இரண்டு மூன்று மூட்டுக்களிலும் கிருமி பரவுவதுண்டு.

வாதத்தால் பழுதடைந்த மூட்டில் கிருமி எளிதாகத் தங்கிவிடுகிறது. நோயை அடக்கும் மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலையும் ஓரளவு குறைக்கின்றன. ஆகவே இவ்வாபத்து சரவாங்கி உடையவர்க்கு மற்றவரைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். கிருமி பெரும்பாலும் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து மூட்டை அடைகிறது. சேற்று நிலத்தில் வெறுங்காலுடன் நிற்பவரின் பித்தவெடிப்பும், அரிவாள் பட்ட காயமும், ஆறாத புண்ணும் அதற்கு வாயிலாகின்றன.

சீழ் பிடித்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களுக்குள்ளாகவே கரைந்துவிடும். பின்னர் எம்மருந்தாலும் அதை மீட்க இயலாது. கிருமி உடல் முழுவதும் பரவினால் உயிருக்கே முடிவாகலாம். சிகிச்சை பெற்றவர்களுள்ளும் ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயிர் பிழைப்பதில்லை என்பதிலிருந்து இதன் கடுமை விளங்கும்.

இத்தகைய மூட்டுக்குச் சூடான ஒத்தடம் கொடுத்தல், எண்ணெய் தேய்த்து உருவுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகிய மூன்றும் கூடாதவை. வீட்டில் மிஞ்சிய கிருமிநாசினி மாத்திரைகளை உண்பதும் கூடாது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். அதில் கிருமி உண்டா, யூரிக் அமிலப் படிகங்கள் உண்டா என்பது தெரியும். அரைகுறையாக உண்ட மாத்திரை கிருமியை மறைத்துவிட்டால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அறிய முடியாமற் போகும். மூட்டில் ஊசி போட்டால் கால் முடங்கிவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த ஊசியே காலைக் காக்கும் முதற்படி என்பதை எடுத்துச் சொல்லுதல் வேண்டும்.

காய்ச்சலும் பிற குறிகளும்

நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை உண்பவருக்குக் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் டிகிரியையோ அதற்கு மேலையோ எட்டினால், அன்றைய தினமே மருத்துவரைக் காண வேண்டும். அதனோடு குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், மனக் குழப்பம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் பொழுது பாராமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

மார்பு வலியை வாயுப் பிடிப்பு என்று தள்ளிவிடலாகாது. உடலில் ஓயாமல் எரியும் அழற்சி இரத்தக் குழாய்களையும் கெடுப்பதால், சரவாங்கி உடையவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கண்டறிந்துள்ளனர். பெண்களுக்கு மாரடைப்பு வராது என்பதும் பொய்யான நம்பிக்கை. மார்பில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சு வாங்கல் ஆகியவை உடைப்பின் குறிகள்.

நெடுநாள் சரவாங்கி கழுத்தின் மேற்பகுதியிலுள்ள முதலிரண்டு எலும்புகளின் பிணைப்பைத் தளர்த்துவதுண்டு. கழுத்தை அசைக்கையில் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்ச்சி, கை கால்களில் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் தண்டுவடம் நெருக்கப்படுகிறது என்று அறிய வேண்டும். அத்தகையவரைத் தூக்கி மடக்கி இரு சக்கர வண்டியில் நடுவே அமர்த்திக் கொண்டுசெல்வது பேராபத்து. தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேராக இருக்கும்படி படுக்கவைத்தே கொண்டுசெல்லுதல் வேண்டும்.

கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் அதுவும் வாதத்தின் அங்கமாக இருக்கக் கூடும். சாதாரணக் கண்வலி என்று கருதிச் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி விடாமல், அன்றே கண் மருத்துவரைக் காண்பது பார்வையைக் காக்கும்.

மருந்தினால் வரும் நெருக்கடி

இந்நோய்க்கான மருந்துகளின் வரலாறு நமக்குப் பெருமையும் எச்சரிக்கையும் தருவது. இன்று உலகமெங்கும் சரவாங்கிக்கு முதல் மருந்தாக வழங்கப்படுவது மெதோட்ரெக்ஸேட். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, அமெரிக்கா சென்ற டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ், லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில் நடத்திய ஆராய்ச்சியின் வழியிலே பிறந்தது இம்மருந்து. புற்றுநோய்க்கென உண்டான இவ்வினத்து மருந்து வாதத்துக்கும் உதவுவதை 1951ஆம் ஆண்டில் கண்டனர். 1988இல் அமெரிக்க அரசாங்கம் மெதோட்ரெக்ஸேட்டைச் சரவாங்கிக்கு உரிய மருந்தாக ஒப்புக்கொண்டது. எண்ணிறந்தோரின் விரல்கள் கோணாமல் காத்துவரும் மருந்து இது.

ஆனால் இதை வாதத்துக்கு உண்ணும் முறையில் ஒரு விசேஷம் உண்டு. இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டிய மருந்து. பிற மாத்திரைகளைப் போல நாள்தோறும் உண்டுவிட்டால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் உற்பத்தியாவது தடைப்படும். வாயிலும் தொண்டையிலும் புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தோலில் இரத்தக் கன்றல் ஆகியவை தோன்றும், உயிரும் போகலாம். சீட்டைப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர், வாரந்தோறும் உண்ண வேண்டிய மாத்திரையையும், உடன் தரப்படும் போலிக் அமில மாத்திரையையும் மாற்றி உண்டுவிடுவது எளிதில் நிகழக் கூடிய தவறு. அவ்வாறு நேர்ந்தது தெரிந்தால், உடலில் ஒரு குறியும் தோன்றாவிடினும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். போலினிக் அமிலம் என்னும் மாற்று மருந்து அங்கே உண்டு. அது விரைவாகக் கொடுக்கப்பட்டால்தான் பயன் தரும். மருந்து உறையின் மீது கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதிவைப்பது, ஒரே கிழமையைக் கடைப்பிடிப்பது, வீட்டில் மற்றொருவர் எடுத்துக் கொடுப்பது ஆகிய மூன்றும் இத்தவற்றைத் தடுக்கும். சிறுநீர்த் தொற்று முதலியவற்றுக்கு வழங்கும் கோ-டிரைமாக்சசோல் என்ற மருந்து இதனோடு சேர்ந்தாலும் இதே ஆபத்து உண்டு. ஆதலின் எந்த மருத்துவரிடம், எந்த நோய்க்குச் சென்றாலும் மெதோட்ரெக்ஸேட் உண்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கருவுற்றிருப்பவரும் கருவுற எண்ணுபவரும் இம்மருந்தை உண்ணலாகாது. மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து பெறுதல் வேண்டும்.

இரண்டாவது ஸ்டீராய்டு. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் ஹென்ச் என்பவர், நடக்கவே இயலாதிருந்த ஒரு பெண்மணிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அப்பெண்மணி எழுந்து நடந்ததைக் கண்டு உலகம் வியந்தது. 1950இல் அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நாளாக ஆக, முகம் உப்புதல், எலும்பு மெலிதல், நீரிழிவு, தொற்று முதலிய தீமைகளும் வெளிப்பட்டன. ஸ்டீராய்டை மூன்று வாரங்களுக்கு மேல் உண்டவரின் உடல், தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. அவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வாந்தி, கடுஞ்சோர்வு, தலைசுற்றல், இரத்த அழுத்த வீழ்ச்சி, மயக்கம் என்று நெருக்கடி மூளும். “காய்ச்சலாயிருக்கிறது, ஆகவே எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன்” என்று சொல்வோர் உண்டு. காய்ச்சல் வேளையில் மெதோட்ரெக்ஸேட் தவணையை மருத்துவரைக் கேட்டுத் தள்ளிப்போடலாம். ஸ்டீராய்டை மட்டும் ஒருநாளும் தானாக நிறுத்தலாகாது. வாந்தியினால் மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால், அதுவே ஆஸ்பத்திரிக்குச் செல்லப் போதிய காரணம்.

பெயரும் உட்பொருளும் எழுதப்படாமல் மூட்டுவலிக்கென்று விற்கப்படும் பொட்டலங்களிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. உண்டவுடன் மாயம்போல வலி நீங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. பொட்டலம் தீர்ந்ததும் நெருக்கடி தொடங்கும்; காரணம் யாருக்கும் விளங்காது. எதை உண்டிருந்தாலும், எவரும் கோபிப்பரோ என்று அஞ்சாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுதல் நலம்.

மூன்றாவது வலிநீக்கிகள். டைக்ளோபினாக் முதலிய மாத்திரைகளைக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையில் புண் உண்டாகி இரத்தம் கசியும். மலம் தார்போலக் கறுத்துப் போதலும், காப்பித் தூள் போன்ற வாந்தியும் அதன் குறிகள். அவை தோன்றிய உடனே அவசரப் பிரிவுக்கு விரைய வேண்டும். கோடை வெயிலில் தண்ணீர் போதாமல் வேலை செய்பவர் இம்மாத்திரையையும் உண்டால் சிறுநீரகமும் கெடும். இரு வலிநீக்கிகளைச் சேர்த்து உண்பதை அறவே விலக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது

மேற்கூறிய குறிகள் தோன்றினால் 108 என்ற எண்ணுக்குப் பேசினால் ஆம்புலன்ஸ் வரும். இச்சேவை நம் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றி நடைபெற்று வருகிறது. ஊர், தெரு, எளிதில் காணத்தக்க அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்டுவது நன்று. விரைய வேண்டுமா, காத்திருக்கலாமா என்ற ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

நோயாளியோடு செல்பவர் மூன்று பொருள்களை மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்று, உண்டுவரும் மருந்துகள் அனைத்தும், காலியான உறைகளும் கூட. இரண்டு, பழைய சீட்டுக்களும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும். மூன்று, காப்பீட்டு அட்டை. ஆனால் அட்டையைத் தேடுவதில் பொழுதைப் போக்கலாகாது. அவசரப் பிரிவு மருத்துவர் அந்நோயாளியை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறார். அவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது: “இவருக்குச் சரவாங்கி உண்டு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்கிறார்.” அடுத்து, மெதோட்ரெக்ஸேட் உண்ணும் கிழமை, ஸ்டீராய்டு உண்பது, ஒவ்வாத மருந்து இருப்பின் அதன் பெயர் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். கழுத்தில் வலி உண்டென்றால் அதையும் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது மிக முக்கியம். “மூட்டுவலி” என்று மட்டும் சொல்லி நின்றால், நூறு மூட்டுவலிகளுள் ஒன்றாக அதுவும் வரிசையில் காத்திருக்க நேரிடலாம்.

நெருக்கடி தீர்ந்து வீடு திரும்புகையில், எந்த மருந்தை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிவர வேண்டும். நிறுத்திவைத்த மருந்தை மீண்டும் தொடங்க மறந்து, இரண்டு மாதங்களில் நோய் கிளர்ந்து, மறுபடியும் அவசரப் பிரிவை நாடுவோர் பலர்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவையெல்லாம் டாக்டர்களின் வேலை, இதில் பஞ்சாயத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு, அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

முதலாவதாக, ஆறு வாரங்களுக்கு மேல் மூட்டு வீக்கமும் காலை விறைப்பும் உடையவர்கள் யாவர் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோரின் துணையோடு அறிந்து, அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். அங்கிருந்து மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவர். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூட்டுக்கள் சிதைவதைப் பெரிதும் தடுக்கலாம் என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. ஒருவருடைய நோய் விவரத்தை அவருடைய சம்மதமின்றிப் பொதுவில் வெளியிடலாகாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மணம் பேசும் வீடுகளில் இது தொல்லையாக முடியும்.

இரண்டாவதாக, மருந்து அறுபடாமல் பார்த்துக்கொள்ளலாம். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட மனமின்றி, மாத மருந்து வாங்கச் செல்லாமல் விடுவோர் பலர். ஓர் ஊரில் நால்வர் ஒரே ஆஸ்பத்திரியில் மருந்து பெறுகின்றனர் என்றால், ஒரே நாளில் சேர்ந்து செல்ல ஏற்பாடு செய்யலாம். நடக்க இயலாதவருக்குத் துணை அமர்த்தலாம்.

மூன்றாவதாக, இந்நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அஞ்சலட்டை அளவுள்ள சீட்டு எழுதிக் கொடுக்கலாம். நோயின் பெயர், மருந்துகள், மெதோட்ரெக்ஸேட் உண்ணும் கிழமை, ஸ்டீராய்டு உண்பதாயின் அதைத் திடீரென்று நிறுத்தலாகாது என்ற குறிப்பு, வழக்கமான ஆஸ்பத்திரி, உறவினர் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருந்தால் போதும். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் எழுதித் தரலாம். சுகாதாரச் செவிலியர் சரிபார்க்கலாம். இரவில் மயங்கி விழுந்தவருக்காக அச்சீட்டே பேசும்.

நான்காவதாக, ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்துகளையும், மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் பாதைகளையும் முன்னரே கண்டு சீர்செய்ய வேண்டும். வண்டி நுழையாத குடியிருப்பிலிருந்து நோயாளியைப் படுத்த நிலையிலேயே சாலைக்குக் கொண்டுவர ஒரு தூக்குப் படுக்கை பஞ்சாயத்து அலுவலகத்தில் இருத்தல் நலம்.

ஐந்தாவதாக, கிராம சபையைப் பயன்படுத்தலாம். உலக மூட்டுவாத தினம் அக்டோபர் 12. அதற்குப் பத்து நாட்கள் முன்னதாகக் காந்தி ஜயந்தியன்று கிராம சபை கூடும். அன்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்துக் கால் மணி நேரம் பேசச் செய்தால், இக்கட்டுரையைப் படிக்க வாய்ப்பில்லாதவர்களையும் செய்தி சென்றடையும். சளிக்காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வது இந்நோயாளிகளுக்கு நன்மை தரும் என்பதையும் அவர் எடுத்துரைக்கலாம்.

முடிவாக

சரவாங்கியை அடியோடு போக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அதை அடக்கி வைத்து, நாற்று நடவும் பால் கறக்கவும் பிள்ளையைத் தூக்கவும் கையைத் தக்கவைத்துக்கொள்ளும் வழி கிடைத்திருக்கிறது. தொடர்ந்து மருந்து உண்பவர் அவசரப் பிரிவின் வாயிலை மிதிக்க வேண்டிய நாட்கள் மிகக் குறைவு. அந்தச் சில நாட்களில் தயங்காமல் விரைய வேண்டும். ஒற்றை மூட்டு அனலாய்க் காய்தல், நடுக்கத்தோடு காய்ச்சல், கறுத்த மலம், மார்பு வலி, மூச்சுத் திணறல், கழுத்து வலியோடு கை கால் மரத்தல், கண் சிவந்து மங்குதல், மாத்திரையை மாற்றி உண்ணுதல், ஸ்டீராய்டு நின்றுபோதல் ஆகிய இவ்வொன்பதையும் ஒரு தாளில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும், நியாய விலைக் கடையிலும், பால் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டிவைக்கலாம். பால் ஊற்ற வரும் பெண்கள் அதைப் படிப்பர். படிக்கத் தெரியாதவருக்குப் பிறர் படித்துச் சொல்வர். அதைக் கண்டு உரிய வேளையில் ஒருவர் ஆஸ்பத்திரியை அடைந்தாலும், ஒரு குடும்பம் காக்கப்பட்டதாகும்.